சைஸ் என்றால் யார்? பினாங்கின் வாடகைக் குதிரை வண்டிக்காரர்கள்

எங்கள் வீட்டில் ஒரு 'சைஸ் தாத்தா' இருந்தார். பாட்டியின் கடைசித் தம்பி. மலேசியாவில், பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன் நகரில் ஒரு டாக்டர் வீட்டில் காரோட்டியாக இருந்தவர். சின்ன வயதில் எனக்கு அந்தப் பெயர் புரிந்ததே இல்லை. ஆள் ஒட்டடைக் கம்பு மாதிரி இருப்பார். எந்த சைஸைச் சொல்கிறார்கள் என்று யோசித்திருக்கிறேன். பாட்டியிடம் கேட்டால், "கார் ஓட்டுறவங்கள சைஸுன்னுதானே சொல்லணும்?" என்று என்னையே திருப்பிக் கேட்பார்.

அவர் வாழ்நாளில் ஒரு குதிரையைத் தொட்டதில்லை. ஆனால் அவர் பெயரில் ஒரு குதிரை இருந்தது. அந்தக் குதிரையைத் தேடிப் போனால் நாம் வந்து நிற்கும் இடம், 19ஆம் நூற்றாண்டுப் பினாங்கின் வாடகைக் குதிரை வண்டி.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'சைஸ்' அரபியில் பிறந்து, உருது, இந்துஸ்தானி வழியாக ஆங்கிலேயர் வாயிலும் மலாய்க்காரர் வாயிலும் ஏறிய சொல். மலாய் அகராதியில் இன்றும் இருக்கிறது. அதன் மூலப் பொருள் வண்டி ஓட்டுபவர் அல்ல, குதிரையைப் பராமரிப்பவர். நம் பழைய தமிழில் 'குதிரைக்காரன்' என்போமே, அதேதான். (அரபியில் அரசியலைக் குறிக்கும் 'சியாசத்' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்தது. குதிரையை மேய்ப்பதும் நாட்டை மேய்ப்பதும் அவர்களுக்கு ஒரே குடும்பத்துச் சொற்கள். அதை வைத்து நான் எதுவும் சொல்லப்போவதில்லை.)

குதிரையைப் பார்த்துக்கொள்கிறவருக்கான சொல் எப்படி வண்டி ஓட்டுகிறவருக்கு வந்தது? இங்கே ஓட்டியவரும் பராமரித்தவரும் பெரும்பாலும் ஒரே ஆள் என்பதுதான் காரணம். இது புரிந்துவிட்டால் அந்தத் தொழிலில் பாதி புரிந்த மாதிரி. இன்றைய டாக்சி ஓட்டுநரை நினைத்துக்கொண்டு பார்த்தால் சைஸ் பிடிபட மாட்டார். சவாரி ஏற்றிப் போவது அவருடைய வேலையில் ஒரு பங்கு. மற்ற நேரமெல்லாம் குதிரைக்குத்தான்.

வண்டிக்கு இங்கே 'காரி' என்று பெயர். இந்தியில் 'காடி' என்றால் வண்டி. ஆங்கிலேயர் நாக்கில் அது காரி ஆயிற்று. தமிழ்நாட்டு ஜட்காவை மனதில் வைத்துக்கொண்டால் தவறாகிவிடும். ஜட்காவுக்கு இரண்டு சக்கரம், மேலே வளைந்த கூரை, பின்பக்கமாக ஏறிக் காலை மடக்கி உட்கார வேண்டும். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்ப் பக்கத்து காரி நான்கு சக்கரம் வைத்த மரப்பெட்டி. பக்கவாட்டில் கதவு, காற்றுக்குப் பலகைச் சட்டங்கள் வைத்த ஜன்னல், உள்ளே எதிரெதிராக இரண்டு இருக்கைகள். நான்கு பேர் முழங்கால் இடித்துக்கொண்டு உட்காரலாம். பார்க்கப் பல்லக்குக்குச் சக்கரம் வைத்தது போல இருக்கும். அதனால்தான் ஆங்கிலேயர் தொடக்கத்தில் இதைப் 'பல்லக்கு வண்டி' என்றே அழைத்தார்கள்.

சிங்கப்பூரைப் பற்றிய 19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகளில் எனக்குப் பிடித்த ஒரு செய்தி உண்டு. ஆரம்ப காலத்துப் பல்லக்கு வண்டிகளில் ஓட்டுபவருக்கு இருக்கையே கிடையாது. சைஸ் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு குதிரையின் தலைக்குப் பக்கத்தில் ஓடுவார். பயணி உள்ளே உட்கார்ந்து வருவார், குதிரை ஓடும், கூடவே ஆளும் ஓடுவார். வண்டிக்கு முன்னால் உயரமான ஓட்டுநர் இருக்கை வைப்பது பின்னாளில்தான் வழக்கமானது. அதாவது, தொடக்கத்தில் சைஸ் வண்டியை 'ஓட்டவில்லை', குதிரையோடு ஓடினார். சொல்லின் மூலப் பொருள் அப்படியே கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, பாருங்கள்.

சரி, குதிரைக்கு வருவோம். காரியை இழுத்தது பெரிய குதிரை அல்ல, மட்டக் குதிரை. பெரும்பாலும் மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம், சுமத்ராவிலிருந்து கப்பலேற்றி வந்தவை. டெலி துறைமுகம் வழியாக வந்ததால் 'டெலி குதிரை' என்று பெயர். உண்மையில் பாத்தாக் மலைப்பகுதியில் வளர்ந்த இனம். தோள் உயரம் ஏறக்குறைய 1.2 மீட்டரிலிருந்து 1.3 மீட்டர் வரை, நம் நெஞ்சு மட்டத்துக்குத்தான் வரும். பர்மாவிலிருந்தும் மட்டக் குதிரைகள் வந்தன. பணக்காரர்களின் சொந்த சாரட்டுக்கு மட்டும் ஆஸ்திரேலியாவிலிருந்து உயரமான குதிரைகள் வந்தன. அவற்றுக்கு 'வேலர்' என்று பெயர், நியூ சவுத் வேல்ஸிலிருந்து வந்ததால்.

இவ்வளவு சின்னக் குதிரை நான்கு பேரை இழுக்குமா? சமதளத்தில் இழுக்கும். ஜார்ஜ்டவுன் ஏறக்குறைய தட்டையான ஊர். அது குதிரை செய்த புண்ணியம். ஆனால் இந்த வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் குதிரை பழகிய மிருகம் அல்ல. மலைக்காற்றில் வளர்ந்ததைக் கொண்டுவந்து கடற்கரை ஊரில் செம்மண் சாலையில் ஓடவிட்டால் வியர்த்துக் கொட்டும். குதிரை நம்மைப் போலவே உடல் முழுக்க வியர்க்கும் பிராணி. இங்கேதான் சைஸின் கைத்திறன் வருகிறது.

அவருடைய நாளை ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். விடிவதற்கு முன் லாயத்தில் எழுந்து சாணம் அள்ள வேண்டும். குதிரைக்குத் தீனி: புல், கொள்ளு அல்லது கடலை, தவிடு, சில இடங்களில் நெல். புல் தானாக வந்து சேராது. அறுத்து வர ஆள் வேண்டும், இல்லையென்றால் தானே போக வேண்டும். தின்றவுடன் வண்டியில் பூட்டக் கூடாது. ஓடி வியர்த்து வந்த குதிரைக்கு உடனே வயிறு முட்டத் தீனி வைக்கவும் கூடாது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான். வயிறு உப்பிச் சூலை வந்தால் ஒரே இரவில் செத்துப்போகும். ஆக, எப்போது தண்ணீர், எப்போது தீனி, எவ்வளவு நேரம் நடக்கவிட்டு ஆற்ற வேண்டும் என்கிற கணக்கெல்லாம் சைஸின் தலைக்குள் இருந்தாக வேண்டும்.

அடுத்தது குளம்பு. குளம்பு நம் நகம் போல வளர்ந்துகொண்டே இருக்கும். ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி, மறுபடி அடிக்க வேண்டும். தினமும் ஒவ்வொரு காலாகத் தூக்கி, கல் ஏதும் சிக்கியிருக்கிறதா என்று பார்த்து நோண்டி எடுக்க வேண்டும். பிறகு உடம்பைத் தேய்க்க வேண்டும். இது அழகுக்கு அல்ல. காய்ந்த வியர்வை உப்பும் மண்ணும் சேர்ந்து சேணத் தோலுக்கு அடியில் மாட்டிக்கொண்டால் உரசி உரசிப் புண்ணாகும். புண் வந்த குதிரையைப் பூட்ட முடியாது. மீறிப் பூட்டி நகரசபை ஆள் கண்ணில் பட்டால் வம்பு.

அப்புறம்தான் வண்டி. சக்கர அச்சுக்குக் கொழுப்புத் தடவி, விளக்குக்கு எண்ணெய் ஊற்றி, கண்பட்டை மாட்டி, கடிவாளம் போட்டுத் தெருவுக்கு வருவார். கண்பட்டை எதற்கு என்று குழந்தைகள் கேட்பார்கள். குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் தன் முதுகுக்குப் பின்னால் உருண்டு வரும் சக்கரம் அதற்குத் தெரியும். தெரிந்தால் மிரளும். அதை மறைக்கத்தான் பட்டை.

இத்தனைக்கும் பிறகுதான் முதல் சவாரி.

இதில் ஒரு கொடுமையான கணக்கு ஒளிந்திருக்கிறது. கார் நின்றுகொண்டிருந்தால் பெட்ரோல் குடிக்காது. குதிரை சவாரி கிடைத்தாலும் தின்னும், கிடைக்காவிட்டாலும் தின்னும். மழைக்காலத்தில் மூன்று நாள் வண்டி நகராவிட்டாலும் மூன்று நாள் தீனி உண்டு. வண்டியும் குதிரையும் ஓட்டுபவருக்கே சொந்தமாக இருந்தால் அந்த நஷ்டம் நேரடியாக அவர் தலையில் விழும். வேறொரு லாயக்காரரிடம் வாடகைக்கு எடுத்திருந்தால் கட்ட வேண்டிய பணம் நிற்கும். கூலிக்கு ஓட்டினால் முதலாளி முகம் சுளிப்பார். ஒருநாள் முழுக்கக் கிராப் (கைப்பேசிச் செயலி வழியாகக் கூப்பிடும் வாடகைக் கார்) ஓட்டிவிட்டு, காருக்கான வாடகையைக் கழித்தால் கையில் என்ன மிஞ்சும் என்று கணக்குப் போடும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவரிடம் இதைச் சொன்னபோது, "நல்ல வேளை, என் மைவி காரு புல்லு திங்கிறதில்ல" என்றார்.

கிராப் என்றதும் நினைவுக்கு வருகிறது, உரிமம். வாடகை வண்டி என்றால் யார் வேண்டுமானாலும் ஒரு குதிரையைக் கட்டிக்கொண்டு சவாரி ஏற்றலாம் என்று இருந்ததில்லை. ஜார்ஜ்டவுனில் 1857இல் நகராட்சி ஆணையர்கள் அமைப்பு வந்தது. காலனி அரசின் சட்டங்களின்படி வாடகை வண்டிக்கு உரிமம், வண்டியில் எண் பலகை, வண்டிகளுக்கு முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று தரம், மைல் கணக்கிலும் மணிக் கணக்கிலும் நிர்ணயித்த கட்டணம், இரவில் எரிய வேண்டிய விளக்கு என்று விதிகள் வரிசையாக வந்தன. நொண்டிக் குதிரையையோ புண் பிடித்த குதிரையையோ பூட்டினால் வழக்கு. டாக்சியின் எண்ணும் நிர்ணயித்த கட்டணமும் கார் வந்த பிறகு முளைத்தவை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. மோட்டார் பொருத்துவதற்கு முன்பே டாக்சி என்ற ஏற்பாடு முழுசாகத் தயாராகிவிட்டது. குதிரையைக் கழற்றிவிட்டு எஞ்சினை மாட்டியதுதான் பிற்காலம் செய்த வேலை.

விதி இருந்தது என்பதற்காக எல்லாரும் கட்டணப் பட்டியலைப் பார்த்துக் காசு கொடுத்தார்கள் என்று நினைக்க வேண்டாம். பேரம் பேரம்தான். புதிதாகக் கப்பலில் வந்து இறங்கிய வெள்ளைக்காரருக்கு ஒரு விலை, ஊர்க்காரருக்கு ஒரு விலை.

இப்போது ஒரு சவாரியில் ஏறிப் பார்ப்போம். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு, ஐரோப்பாவிலிருந்து கிழக்கே வரும் நீராவிக் கப்பல்கள் பெருகின. பினாங்கில் அவை நிலக்கரியும் சரக்கும் ஏற்றும் சில மணி நேரத்தில் பயணிகள் ஊர் பார்க்க இறங்குவார்கள். படகுத்துறையில் காரிகள் வரிசையாக நிற்கும். "பிகி மானா?" என்பார் சைஸ். எங்கே போகணும் என்பதற்கான சந்தை மலாய். தமிழர், சீனர், மலாய்க்காரர், வெள்ளைக்காரர் எல்லாருக்கும் அரைகுறையாகத் தெரிந்த ஒரே மொழி அதுதான். இலக்கணம் கிடையாது, ஆனால் வேலை நடக்கும்.

வெள்ளைக்காரப் பயணி பெரும்பாலும் சொல்லும் இடம் அருவித் தோட்டம். 1884இல் அமைத்த தாவரவியல் பூங்காதான். நமக்கு அடையாளம் சொன்னால், தண்ணீர்மலைக் கோயிலைத் தாண்டிக் கொஞ்ச தூரம். படகுத்துறையிலிருந்து ஏறக்குறைய 8 கிலோமீட்டர். மட்டக் குதிரை சீரான பெருநடையில் மணிக்குப் பத்து கிலோமீட்டர் வரை போகும் என்று வைத்துக்கொண்டால், ஒரு வழிக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல். வண்டி கடைத்தெருவைக் கடந்து வெளியே வர வேண்டும். சூலியா தெரு நெரிசல் அன்றைக்கும் நெரிசல்தான்: மாட்டுவண்டி, கூலிகள், கூடைக்காரர்கள். நாகூர் தர்காவையும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கத்தையும் தாண்டினால் சைஸுக்கு யாராவது சலாம் வைப்பார்கள். ஊரைத் தாண்டியதும் நிழல் மரச் சாலைகள், தோட்டத்தோடு கூடிய பங்களாக்கள். பூங்காவில் பயணி அருவியைப் பார்க்கப் போய்விடுவார். சைஸுக்கு அது ஓய்வு நேரம் அல்ல. குதிரையை நிழலில் நிறுத்தி, மூச்சு அடங்கும்வரை நடத்தி, அளவாகத் தண்ணீர் காட்ட வேண்டும். திரும்பும் வழியில் பயணி மதிய உணவுக்கு 1885இல் சார்க்கீஸ் சகோதரர்கள் தொடங்கிய கடற்கரை ஓட்டலுக்கு விடச் சொல்வார். அதுதான் இன்றைய ஈ அண்ட் ஓ. மாலைக்குள் கப்பல் கிளம்பிவிடும். காத்திருந்த நேரத்துக்குக் காசு உண்டா இல்லையா என்கிற வாக்குவாதத்தை நீங்களே கற்பனை செய்துகொள்ளலாம்.

ஊர்க்காரர்களும் காரியில் போனார்கள். அவசரத்துக்கு, கல்யாணத்துக்கு, கோர்ட்டுக்கு, பெண்களை மறைவாக அழைத்துப் போவதற்கு. பலகை ஜன்னலைச் சாத்திவிட்டால் உள்ளே யார் என்று தெரியாது என்பது அந்தப் பெட்டி வண்டிக்கு ஒரு பெரிய வசதி.

யார் இந்த சைஸ்கள்? பினாங்கில் தமிழர் கணிசமாக இருந்தார்கள். தமிழ் முஸ்லிம்கள், இந்துக்கள் இரு தரப்பிலும். மலாய்க்காரர்களும் இருந்தார்கள். ஜாவாவுக்கு வடக்கே உள்ள பாவியன் தீவிலிருந்து வந்த 'போயான்' மக்கள் சிங்கப்பூரில் இந்தத் தொழிலுக்குப் பேர்போனவர்கள். பழைய ஆங்கிலப் பயண நூல்களைப் புரட்டினால் 'கிளிங் காரிக்காரன்' வந்துகொண்டே இருப்பான். கிளிங் அல்லது கெலிங் என்பது தென்னிந்தியர்களைக் குறிக்க அன்று புழங்கிய சொல். இன்று யாராவது நம்மைப் பார்த்து அப்படிச் சொன்னால் அது வசை. ஆனால் 1801இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் பெயரில் அது மரியாதையோடு உட்கார்ந்திருக்கிறது. சொற்களுக்கும் நல்ல காலம் கெட்ட காலம் உண்டு.

அந்தப் பயண நூல்களிலும் பத்திரிகைக் கடிதங்களிலும் சைஸைப் பற்றி நல்ல வார்த்தை குறைவு. கூடக் காசு கேட்டான், குதிரையை அடித்தான், கூப்பிட்டால் வரவில்லை. இதெல்லாம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். குதிரையை வதைத்ததற்குத் தண்டனை பெற்றவர்கள் உண்டு. ஆனால் எழுதியவர்கள் எல்லாரும் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவர்கள். முன்னால் உட்கார்ந்திருந்தவர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதவில்லை. பேசிய காசைக் கொடுக்காமல் ஓட்டலுக்குள் போய்விட்ட பயணியைப் பற்றி அவருக்கும் சொல்வதற்கு ஏதாவது இருந்திருக்கும்.

கோலாலம்பூரைச் சொல்லாவிட்டால் அங்கேயிருப்பவர்கள் கோபித்துக்கொள்வார்கள். அங்கும் காரிகள் ஓடின. ஆனால் அது ஈயச் சுரங்கத்தால் வளர்ந்த உள்நாட்டு ஊர், துறைமுகம் அல்ல. சிலாங்கூரின் தலைமையிடம் கிள்ளானிலிருந்து அங்கே மாறியது 1880இல். 1886இல் ரயில் வந்துவிட்டது. அதற்கு முன் சரக்குக்கு ஆறும் மாட்டுவண்டியும். பினாங்கைப் போலக் கப்பல் பயணிகளை நம்பிய நீண்ட குதிரை வண்டிக் காலம் அங்கே அமையவில்லை.

காரியை வீழ்த்தியது கார் என்றுதான் எல்லாரும் நினைப்போம். முதல் அடி மனிதனிடமிருந்து வந்தது. ஜப்பானில் பிறந்த கைரிக்‌ஷா 1880இல் சிங்கப்பூருக்கு வந்தது. சீக்கிரமே பினாங்குத் தெருக்களிலும் ஓடியது. ஒரே ஒருவர் போவதற்கு எதற்குக் குதிரை? ரிக்‌ஷா சந்துக்குள் நுழையும், விலை குறைவு, லாயம் வேண்டாம், லாடம் வேண்டாம். இழுத்தவர்கள் பெரும்பாலும் சீனாவிலிருந்து புதிதாக வந்த ஏழைகள். குதிரையை விட மனிதன் மலிவாகக் கிடைத்த காலம் அது. இதை எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது, ஆனால் கணக்கு அப்படித்தான் இருந்தது. பிறகு 1906இல் மின்சார டிராம் வந்து படகுத்துறைக்கும் ஆயர் ஈத்தாமுக்கும் இடையே நீண்ட தூரச் சவாரியைப் பிடுங்கிக்கொண்டது. மிச்சத்தை மோட்டார் வாங்கிக்கொண்டது.

குதிரை போன பிறகும் அதன் தடம் பேச்சில் நின்றுவிட்டது. பினாங்கில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றித் திரியும் மூன்று சக்கர மிதிவண்டியை 'பேச்சா' என்கிறோமே, அது ஹொக்கியன் சீனத்தில் குதிரை வண்டியைக் குறிக்கும் 'பே சியா' என்பதிலிருந்து வந்ததாகச் சொல்லாராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். பூ அலங்காரமும் பாட்டுமாக மிதித்துப் போகிறவர் தன் வண்டியின் பெயரில் குதிரை இருப்பதை அறிவாரோ என்னவோ. நம் வீட்டு வாசலில் 'கார் போர்ச்' கட்டுகிறோம். பழைய பங்களாக்களில் அந்த இடத்தில் வந்து நின்றது குதிரை வண்டி. நனையாமல் இறங்கத்தான் அந்தக் கூரை.

சைஸ் என்ற சொல்லும் அப்படியே இடம் மாறியது. குதிரை வண்டி வைத்திருந்த பணக்காரர் கார் வாங்கினார். காரை யார் பார்த்துக்கொள்வது? துடைக்க வேண்டும், எண்ணெய் போட வேண்டும், கூப்பிட்டதும் வாசலில் நிறுத்த வேண்டும். அதே வேலைதான், மிருகம் மட்டும் வேறு. அதனால் மலாயாவில் காரோட்டியும் சைஸ் ஆனார். என் சின்னத் தாத்தா காலம்வரை அந்தப் பேச்சு இருந்தது. டாக்டர் வீட்டுக் காரை அவர் தினமும் காலையில் தேய்த்துத் தேய்த்துத் துடைப்பாராம். பாட்டி கேலி செய்வார், "கொள்ளு மட்டும்தான் வைக்கல" என்று.

பிறகு காரோட்டிக்கு டிரைவர் என்ற பெயர் நிலைத்துவிட்டது. வீட்டில் சைஸ் என்று சொல்ல ஆளில்லாமல் போயிற்று. அந்தச் சொல் செத்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன், ஒருநாள் அதிகாலையில் பினாங்கின் 'பத்து கந்தோங்' பகுதிப் பக்கம் போகும்வரை. 1864இல் தொடங்கிய பினாங்கு குதிரைப் பந்தய மன்றம் அங்கேதான் இருந்தது. வேலி ஓரமாக, நரைத்த மீசை வைத்த ஒருவர் பந்தயக் குதிரை ஒன்றை ஆற்றுவதற்காக நடத்திக்கொண்டு வந்தார். குதிரையின் முதுகிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. தமிழில் பேசினேன், தமிழில் பதில் வந்தது. "ஜாக்கியாண்ணே நீங்க?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"ஜாக்கி மேல ஏறுறவரு தம்பி. நான் சைஸு" என்றார். கடிவாளத்தைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டு, குதிரையின் தலைக்குப் பக்கத்தில் நடந்து போனார்.